டீ வந்தால் கூட்டம் முடிந்தது

எங்கள் நகரசபையில் ஒரு வழக்கம் உண்டு. டீ வந்தால் கூட்டம் முடிந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் சட்டத்தை மீறினாலும் மீறுவார்களே தவிர, இதை மீற மாட்டார்கள். டீக்கடைக்காரர் கெட்டிலோடு வாசலில் தலையைக் காட்டியதும் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். "மீதியெல்லாம் அடுத்த கூட்டத்துக்கு" என்பார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

நான் சபைக்குப் புது உறுப்பினர். தையல்கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்குத்தான் ஓட்டு விழுந்தது, முகத்துக்கு இல்லை என்பார் என் வீட்டுக்காரர். இருக்கட்டுமே. வாய் இருந்தும் என்ன பிரயோஜனம்? எங்கள் சபையில் முதலில் சாலையைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு தெருவிளக்கு, தண்ணீர், குப்பை. கடைசியில்தான் சந்தை. எந்தப் புண்ணியவான் வகுத்த வரிசையோ தெரியாது. குப்பையில் சண்டை சூடு பிடிக்கும்போது சரியாக டீ வந்துவிடும். சந்தையின் முறை வருவதே இல்லை.

சந்தையில் பெண்களுக்கு என்று இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. போன மழையில் அடியில் போகும் குழாய் உடைந்ததும் பூட்டுப் போட்டார்கள். பூட்டு துருப்பிடித்துவிட்டது. நான் சேர்ந்த நாளிலிருந்து அதன் பழுதுபார்ப்பு 'அடுத்த கூட்டத்துக்கு' போய்க்கொண்டே இருந்தது.

அதில் உனக்கென்ன அவ்வளவு அக்கறை என்று கேட்டால், என் நாத்தனார் அங்கேதான் காய்கறி விற்கிறாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த சூட்டோடு சந்தையில் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் சோத்துல உக்காந்திருக்கான்னு ஒருத்தர் சொல்லக் கூடாது அண்ணி" என்றாள். அந்த நாலடி இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவள் முகத்தில் பழைய களை திரும்பியது. எங்களுக்குள் தினமும் சண்டைதான். அது வேறு கதை. அவள் என் வீட்டுப் பிள்ளை.

கழிப்பறையைப் பூட்டியதும் சந்தைப் பெண்கள் எல்லாரும் ஒரே வழியைப் பிடித்தார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தொண்டையில் தண்ணீரே படாமல் உட்கார்ந்திருப்பது. என் நாத்தனாருக்கு அடிவயிற்று வலியும் குளிர் காய்ச்சலும் வந்து வந்து போயின. டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: தண்ணீர் குடி, இல்லையென்றால் சந்தையை விடு.

அவள் சந்தையை விட முடிவு செய்துவிட்டாள்.

"பிளாஸ்டிக் சாமான்காரர் இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கார். மாசக் கடைசியில குடுத்துடலாம்னு இருக்கேன். வீட்ல இருந்து உங்களுக்குக் காஜா எடுத்துத் தர்றேன்" என்றாள், கத்தரிக்காயைத் துடைத்துக்கொண்டே. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ எடுக்குற காஜாவுல பட்டனே நுழையாதுடி. பேசாம இரு. நான் சபையில பேசுறேன்."

"பேசிக் கிழிச்சீங்க. பேசறதுன்னா பேசுங்க, என் பேரை மட்டும் இழுக்காதீங்க. எனக்கு இந்த வியாதின்னு ஊருக்கே தெரிஞ்சா நான் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

செயலாளரிடம் போய் வரிசையை மாற்றச் சொன்னேன். "அப்படி வழக்கம் இல்லைங்களே மேடம்" என்றார். டீக்கடைக்காரரிடம் போய், "அண்ணே, இந்தத் தடவை கொஞ்சம் மெதுவா வாங்களேன்" என்றேன். "நான் அசந்தா எதிர்க்கடைக்காரன் கெட்டிலைத் தூக்கிட்டு ஓடி வருவான்மா, என் பொழைப்பைக் கெடுக்காதே" என்றார். சரி, இனி யாரிடமும் கெஞ்சுவதில்லை என்று கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்கும் குப்பையில் சண்டை வந்தது. உறுப்பினர் லாரிக்காரர் வீட்டு முனையில் இருக்கும் தொட்டியை இன்னொரு உறுப்பினரான அச்சகக்காரர் வீட்டு முனைக்கு மாற்ற வேண்டுமாம். இரண்டு பேரும் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கெட்டில் தெரிந்தது. தலைவர் கை மூக்குக் கண்ணாடிக்குப் போனது.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. எழுந்து போய் டீக்கடைக்காரர் கையிலிருந்து கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வந்து மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். டீக்கடைக்காரர் வெறும் டம்ளர்களோடு நின்றார்.

"என்னம்மா இது?" என்றார் தலைவர்.

"டீ. சந்தை விஷயம் முடிஞ்சதும் நானே ஊத்துறேன்."

"விளையாடாதீங்கம்மா. ஆறிப்போயிடும்."

"ஆறட்டும்."

ஆறுவதாவது! கொதிக்கிற கெட்டில். சூடு துணியைத் தாண்டித் தொடையில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

லாரிக்காரர் சமாதானம் செய்ய வந்தார். "இவ்வளவு நாள் சமாளிச்சுட்டாங்கல்ல, இன்னொரு மாசம் பொறுத்துக்கிட்டா என்னம்மா?"

"உங்க வீட்டுக் கழிப்பறையைப் பூட்டிச் சாவியை இந்த மேஜையில வைங்க. அடுத்த கூட்டத்துல திருப்பித் தர்றேன்" என்றேன். அச்சகக்காரர் சிரித்துவிட்டார். லாரிக்காரர் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

தலைவர் பெருமூச்சு விட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டினார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லம்மா. சுகாதார அதிகாரிதான் அந்த இடம் சரியில்லைன்னு சொல்றதா நினைச்சேன்."

மூலையில் இருந்த சுகாதார அதிகாரி துள்ளி எழுந்தார். "நான் எங்க சார் சொன்னேன்? லாரிக்காரர் ஐயாவுக்கு அந்த இடம் வேணும்னு பேசிக்கிட்டாங்க, நமக்கேன் வம்புன்னு இருந்தேன்."

"எனக்கா? என் லாரி அந்தச் சந்துல நுழையுமாய்யா?" என்று லாரிக்காரர் கத்தினார். "தலைவர்தான் அதை இடிச்சுட்டுக் கடை கட்டப் போறார்னு நான் வாயத் திறக்கல!"

"அட பாவிகளா, நானா?" என்றார் தலைவர்.

யாருக்குமே ஆட்சேபம் இல்லை. அடுத்தவருக்கு இருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு, டீ வந்ததும் நிம்மதியாக எழுந்து போயிருக்கிறார்கள்.

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "குழாய் நம்ம கிடங்குலயே கிடக்கு சார். ஆளும் இருக்கு. உத்தரவு குடுத்தீங்கன்னா திங்கட்கிழமையே தோண்டிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லை. வயிறு எரிந்தது, தொடையும் எரிந்தது.

எல்லாக் கையும் உயர்ந்தது. தீர்மானம் நிறைவேறியது. சொன்ன வாக்குப்படி நானே டீ ஊற்றினேன்.

தலைவர் டம்ளரோடு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் மருந்துக்கடைக்காரர். "உங்க நாத்தனாருக்கு இப்போ எப்படிம்மா இருக்கு?" என்று தணிந்த குரலில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, சத்தியம் செய்திருக்கிறேனே. அவரே சொன்னார்: "அவங்க வாங்குற அந்த மாத்திரையைச் சந்தைப் பொம்பளைங்க எத்தனை பேர் வந்து வாங்குறாங்க தெரியுமா? தினம் என் கையாலதான் எடுத்துக் குடுக்கறேன். ஏன்னு ஒரு நாள்கூட யோசிக்கலையேம்மா." டீயைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார். அதற்கு மேல் அந்த மனிதரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

நாத்தனாரிடம் சொன்னேன். "உங்க சபை தீர்மானம் போட்டா குழாய் தானா ஒட்டிக்குமா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். திங்கட்கிழமை நிஜமாகவே தோண்டினார்கள். பிறகு நடுவில் ஒரு பாறை வந்தது, சிமெண்ட் வரத் தாமதமானது. நான் தினம் போய்க் கத்தினேன். என் தலையைக் கண்டாலே இன்ஜினியர் மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொள்வார். மாசக் கடைசியும் வந்துவிட்டது, கதவுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. பெயிண்ட் கிடக்கட்டும், திறங்கள் என்று திறக்க வைத்தேன்.

மறுநாள் சந்தைக்குப் போனேன். பிளாஸ்டிக் சாமான்காரர் அவள் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாளியும் குடமும் ஏற்றிய வண்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இவள் வாக்குக் கொடுத்துவிட்டாளோ?

அவள் தக்காளியை அடுக்கிக்கொண்டே நிமிராமல் பேசினாள். "இல்லண்ணே. நான் குடுக்கறதா இல்ல."

"மாசக் கடைசின்னு நீதானேம்மா சொன்னே?"

"சொன்னேன். அப்போ உடம்பு முடியல. இப்போ நான் இங்கதான் இருக்கப் போறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நீளமான என் வாயில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, கடையை மறைச்சுக்கிட்டு மரம் மாதிரி நிக்கறீங்க? வியாபாரம் ஆக வேண்டாமா? தள்ளுங்க."

தள்ளி நின்றேன். என் ஆயுசில் யாரிடமும் இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியதில்லை.