விலக்கு வந்தாச்சு

பாறை உடைக்க வாங்கிய வெடிமருந்துத் தோட்டாவில் நாலு பெட்டி மிஞ்சிப்போனது. அதை எங்கள் எஸ்டேட்டில் எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஏலக்காய் ஸ்டோரின் பின் அறையில். சுவருக்கு இந்தப் பக்கம் காய் உலர்த்துகிற அடுப்பு. அடுப்புக்காரன் நான், கன்னையன். அறிவுள்ளவன் செய்கிற வேலையா இது?

பெட்டிகளின் அடியில் எண்ணெய் கசிந்திருந்தது. "தோட்டா வேர்த்தா சூடு காட்டிராதே அப்பு, ஆளே மிஞ்ச மாட்டான்" என்று பாறை உடைத்த சோணை சொல்லிவிட்டுத்தான் போனார். தீ எரிகிற இடத்தில் வைக்கச் சட்டத்தில் இடமும் இல்லையாம். பெட்டி போகாமல் அடுப்பைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாளில் பச்சைக் காய் புழுங்கி நாறியது. பெட்டிக்கு ஒரு வழி பண்ணிவர, முதலாளி தன் கணக்குப்பிள்ளை ராஜாராமை மதுரைக்கு அனுப்பினார்.

நாலாம் நாள் காலை ராஜாராம் வாசலில் நின்றபடியே கத்தினார்.

"கன்னையா, மருந்துக்கு விலக்கு கெடச்சிருச்சு! வெரசா பத்தவை!"

எங்களுக்கு விலக்கு என்றால் ரோடு பிரிகிற இடம். விடிந்ததும் ஒரு ஜீப்பு லோடோடு இறங்கிப் போனதை நானே பார்த்தேன். அங்கே இடம் கிடைத்து, பெட்டிகள் மலையடியில் முந்தல் விலக்குக்குப் போய்விட்டன, தொலைந்தது சனியன் என்று அடுப்பை மூட்டினேன். பின் அறைச் சாவி ராஜாராமிடம் இருந்ததால் திறந்து பார்க்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த அறையை ஒட்டித்தான் என் பெண்டாட்டி சுப்புத்தாய், ஏழு மாத வயிற்றோடு மற்ற பெண்களுடன் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மதியம் சுவர் கொதித்தது. மறுபடி வாசலுக்கு வந்த ராஜாராமிடம் கேட்டேன்.

"பெட்டிய விலக்குல யாருகிட்ட விட்டீக?"

"எந்த விலக்கு? பெட்டி உள்ளதான்டா இருக்கு. சட்டத்துல இருந்து நமக்கு விலக்கு. ஆறு மாசம் இங்கயே வச்சுக்கலாம்னு ஆர்டரு."

நான் உள்பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"சுப்பு! எல்லாரும் வெளிய ஓடியாங்க!"

"பாதியில விட்டா கூலி புடிப்பாக. ஆர்டருதான் வந்துருச்சுல்ல?" என்றாள் அவள். மற்ற பெண்களும் அசையவில்லை.

"ஒண்ணும் ஆகாது, சீலு போட்டிருக்கு" என்று ராஜாராம் காகிதத்தை ஆட்டினார்.

"அப்ப உள்ள வாங்க. அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்து அதைப் படிச்சுக் காட்டுங்க."

அவர் காகிதத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஓரடி பின்னால் எடுத்து வைத்தார்.

அதைச் சுப்புத்தாய் பார்த்துவிட்டாள். முறத்தைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பின்னாலேயே எல்லாப் பெண்களும் வந்தார்கள். நான் அடுப்புக்குள் மண்ணை வாரிக் கொட்டிவிட்டு ஓடினேன்.

சுவர் ஆறுகிறவரை சரிவில் ஒதுங்கி நின்றோம். ராஜாராம் எங்களுக்கும் நூறடி தள்ளி, அந்தக் காகிதத்தோடு நின்றிருந்தார்.