போகாத கட்டிக்கு ஒரு வேண்டுதல்

ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் ஐயாதுரைக்குத் தம் நோயைக் காட்டிலும் மனைவியின் பட்டினிதான் பெரும் பாரமாக இருந்தது.

சென்ற ஆண்டு இராஜபாளையத்து மருத்துவமனை ஒன்றில் அவருடைய புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசியால் சதைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்தார்கள். பன்னிரண்டில் ஒன்றில் மட்டும், அதுவும் ஓர் ஓரத்தில், புற்றுநோய் தென்பட்டது. மெதுவாக வளரும் சாதுவான வகை. இப்போதைக்குக் கத்தியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், அவ்வப்போது சோதித்து வந்தால் போதும் என்றார் மருத்துவர் ஆனந்தவல்லி. ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பும் பேருந்திலேயே மனைவி ஈஸ்வரி, ஊருக்கு அருகே திருவண்ணாமலை என்றே பெயர் கொண்ட சிறு மலைமேல் நிற்கும் பெருமாளிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். கட்டி அடியோடு மறையும்வரை இரவில் உணவைத் தொடுவதில்லை. மறைந்ததும் மொட்டை போடுவது.

ஈஸ்வரிக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். முந்தாநாள் விடியலில் அடுக்களையில் மயங்கிச் சரிந்தார். அன்று இரவும் அவர் சாப்பிடவில்லை. ஐயாதுரை கெஞ்சியும் பார்த்தார், சினந்தும் பார்த்தார். வேண்டுதலை முறித்தால் அது கணவரின் உயிருக்கு வந்துவிடும் என்பதே ஈஸ்வரியின் பதில்.

ஆகவே ஐயாதுரை தனியே மருத்துவரிடம் போய், காரணத்தையும் மறைக்காமல் சொல்லி, "அத எடுத்திருங்கம்மா" என்றார்.

எடுக்கலாம், ஆனால் அதன் பிறகு சிறுநீர் கட்டுப்படாமல் போகக்கூடும், சிலருக்கு அது தீராமலே நிலைத்துவிடும் என்றார் மருத்துவர். அதற்கு ஈடாக ஆயுள் கூடும் என்று அவரால் சொல்ல இயலவில்லை. இத்தனை சிறியதைச் சுமந்தபடியே முதுமையடைந்து வேறு காரணத்தால் இறப்பவர்கள்தாம் மிகுதி. எனினும் உறுதியாக எதையும் சொல்ல முடியாது, அதனால்தான் கண்காணிப்பு. "வளந்தா அன்னைக்கு எடுப்போம். இன்னைக்கு வீட்டம்மாவச் சாப்பிட வைங்க."

பேருந்தில் வருகையில், மறைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என ஐயாதுரை எண்ணினார். அடுத்த சோதனை வரும்போது மொட்டைத் தலையோடு ஈஸ்வரி எதிரே அமர்ந்திருப்பதை நினைத்ததும் அந்த எண்ணம் கலைந்தது.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றவில்லை.

"போகல ஈஸ்வரி. போகவும் போகாது. என்னோடயே இருக்கும்."

ஈஸ்வரி சுவரில் சாய்ந்து அமர்ந்தார். ஐயாதுரை அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மொக்கைச்சாமியை நினைவூட்டினார். இளமையில் கோழி திருடியவன். சந்தேகப் பட்டியலில் பெயர் ஏறியதால் காலமெல்லாம் காவல் நிலையத்துக்கு வந்து முகம் காட்டிப் போனவன். வேறு எந்தக் குற்றமும் செய்யாமல் வயதாகிச் செத்தவன்.

"அவன் ஒழியணும்னு நாங்க யாராச்சும் வேண்டுனோமா? கண்ணுல பட்டுக்கிட்டு இருந்தாப் போதும்னு விட்டு வச்சோம்."

"கோழி திருடுனவனும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணில்லதான். ஆனா அவனுக்காக ஸ்டேஷன்ல ஒருத்தரும் பட்டினி கெடக்கல ஏட்டி."

ஈஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டத மாத்திக் கேட்டா சாமி கோவிக்காதா?"

"புகார் குடுத்தவுக வாபஸ் வாங்கினா நாங்க கோவிச்சதே இல்ல. வேல மிச்சம்னு இருப்போம்."

"வளரக் கூடாதுன்னு கேட்டா அதுக்கு முடிவே இல்லையேங்க. நான் என்னைக்கு முடி குடுக்க?"

ஐயாதுரைக்கு அலுப்பு மேலிட்டது. முடிவில்லாததுதான், அதைத்தான் அவரும் ஓராண்டாகப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு சோதனையும் நல்லபடியா வந்த பொறவு மலைக்குப் போயி பூமுடி குடு. நுனியில நாலு முடி. பெருமாளுக்கு அது போதும்."

"அதுவரைக்கும்?"

"சாப்பிடு."

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பிறகு ஈஸ்வரி, சனிக்கிழமை மலைக்குப் போய்ப் பெருமாளிடம் தாமே சொல்லிக்கொள்வதாகவும், கணவர் உடன் வர வேண்டாம் என்றும் சொன்னார்.

"ஒரு இட்லி வைங்க. ஒண்ணு போதும்."

ஐயாதுரை இரண்டு வைத்தார்.