தூக்கம் கூடுதல்

எடை பார்க்கும் அறையிலிருந்து இசக்கிசெல்வி தலைகுனிந்து வந்தாள். பின்னால் வந்த பயிற்சியாளர் ஷைலஜா மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. வராந்தாவில் காத்திருந்த தாய் மாடம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பளுதூக்குதலில் ஐம்பத்து மூன்று கிலோப் பிரிவு. மகள் நூற்றைம்பது கிராம் கூடுதல். பத்து நிமிடத்தில் குறையாவிட்டால் அணித் தேர்வில் இடமில்லை, ஆறு வருஷமாகக் கனவு கண்ட சமோவாத் தீவுப் போட்டியும் இல்லை.

காலையில் சரியாக இருந்ததே, என்ன சாப்பிட்டாய் என்று மேடம் கேட்டார். அம்மா கொடுத்த காப்பி, நீங்கள் கொடுக்கச் சொன்னதாகச் சொன்னாள் என்றாள் செல்வி.

மேடம் மாடம்மாளிடம் திரும்பி, நேற்றே சொன்னதை மலையாளத்தில் கேட்டார். "ஞான் இன்னலெ பறஞ்ஞதல்லே, மோளுடெ தூக்கம் கூடுதலாணு, கொறைக்கணும்னு?"

"அதுக்குத்தான் குடுத்தேன் மேடம். மத்தியானம் தூங்கி வழிஞ்சா. ரெண்டு செம்பு கருப்பட்டிக் காப்பி குடுத்து எழுப்புனேன்."

செல்வி அம்மாவையே பார்த்தாள். "எம்மா, இங்க தூக்கம்னா எடை."

மகள் பன்னிரண்டு வயதிலேயே இங்கே விளையாட்டு விடுதிக்கு வந்துவிட்டவள். தாய் வந்து நாலு மாதந்தான் ஆகிறது, பக்கத்து ஊரான கழக்கூட்டத்தில் கட்டடத்துக்குக் கல் சுமக்க. தண்ணீருக்கு வெள்ளம், அப்புறம் சோறு, கூலி. இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு மலையாளம் பிடிபட்டுவிட்டதாக நினைத்திருந்தாள். மேடம் சொன்னதாக ஒரு பொய்யை வேறு சேர்த்து, பெற்றவளே பிள்ளை வாயில் மண்ணைப் போட்டுவிட்டாள்.

எடை குறைய ஓடியும் எச்சில் துப்பியும் பார்த்தாயிற்று. உடம்பில் இனி ஒரு சொட்டு வேர்வையில்லை. மேடம் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, செல்வியின் இடுப்புக்குக் கீழே தொங்கிய சடையைக் காட்டினார். செல்வி இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டாள். சமோவாவுக்குப் போகக் கிடைத்தால் முப்பந்தல் இசக்கியம்மனுக்கு அந்த முடியைத் தருவதாக நேர்ந்தவள் மாடம்மாள்தான். கேட்ட வரம் வருமுன்னே காணிக்கையில் கை வைப்பதா?

கத்தரியை மாடம்மாளே வாங்கினாள்.

"அம்மங்கிட்ட நான் பேசிக்கிடுதேன். திரும்புட்டி."

சடை தடிமன். நாலைந்து தடவை அழுத்தி வெட்ட வேண்டியிருந்தது. பிடரி வெறுமையாக செல்வி உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

மாடம்மாள் சடையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, மெல்ல உயர்த்தி எடை பார்த்தாள். நாலு மாதமாகச் செங்கல் ஏற்றி இறக்கிய கைகள். அவற்றுக்குச் சடையின் கனமே தெரியவில்லை.