குட்டிக்குச் செரித்தது

விழுங்கிய எலியை மலைப்பாம்புக் குட்டி மறுபடி கக்கியிருந்தது. நாற்றம் அடுக்களைவரை எட்டிவிட்டது. கஸ்யான் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தார். குட்டி ஒரு மூலையில், பிழிந்து போட்ட துணிபோல் கிடந்தது.

முதுகு நோவால் பேருந்து ஓட்டும் வேலையை விட்டு, ஜாவாவின் மலையூரான வோனோசோபோவில் முடங்கியவருக்கு, செமாராங்கிலிருந்து பழைய நடத்துனர் போன மாதம் கொண்டுவந்து கொடுத்தது அது. மனைவி வார்னியிடம் சொல்லாததையெல்லாம் கஸ்யான் அதை மடியில் போட்டுக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். பாம்புக்குப் பயந்த வார்னி, சோயாவை இலையில் மடித்துத் தெம்பே புளிக்கவைக்கும் பின்னறையோடு நின்றுகொண்டாள்.

கால்நடை மருத்துவரம்மா தொலைபேசியில் விவரம் கேட்டாள்.

"மலைக்குளிருய்யா. சூடு இல்லாட்டி அதுக்கு இரை செரிக்காது. இரை தின்னதும் மடியில வேற தூக்கி வச்சீங்களாக்கும்? ரெண்டு வாரம் இரையும் வேணாம், தொடவும் வேணாம். கதகதப்பா வைங்க. இன்னொரு தடவை கக்கினா தாங்காது."

கஸ்யான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் வார்னி வந்து நின்றாள். கையில், துணியில் சுற்றிய குண்டு பல்பு. தெம்பே புளிக்கச் சூட்டுக்கு எரிந்ததைக் கழற்றியது, சூடு ஆறவில்லை.

"இந்தாங்க. சுட்டுடாம பெட்டிக்கு வெளிய தள்ளிக் கட்டுங்க."

"உன் தெம்பேக்கு?"

"ஒரு தட்டு புளிக்காட்டி ஊரு பட்டினி கெடக்காது. பெட்டிய நான் புடிக்கிறேன். மூடிய மட்டும் தொறந்தீங்க, போட்டுட்டு ஓடிருவேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தாள்.

மடி காலியானபின் கஸ்யானின் பேச்சுக்குப் போக்கிடமில்லை. பின்னறைக்குப் போய் இலை மடித்தார். மடித்தபடியே, இனி தன்னால் எதற்கும் உபயோகமில்லை என்ற பயத்தைச் சொன்னார். "இலைய இறுக்கி மடிங்க" என்று மட்டும் சொன்னாள் வார்னி. அவருடைய முழங்கையைத் தொட்டபடி.

கெடு முடிந்து கொடுத்த சுண்டெலி உள்ளேயே தங்கியது. அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, வார்னியின் கூச்சல் வீட்டைத் தூக்கியது.

"ஏங்க! ஓடி வாங்க! உங்க புள்ள வெளிக்குப் போயிட்டான்!"

பெட்டிக்குள் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு எச்சக் குவியல். இதைப்போல் அழகானதை அந்த மனிதர் சமீபத்தில் பார்த்ததில்லை.

"வார்னி..." என்றார்.

"தெரியுதுங்க" என்றாள் அவள்.

பின்னறை அடுப்பில் சோயா பொங்கி வழியும் சத்தம் கேட்டது. இருவரும் பெட்டியின்முன் முழங்காலிட்டபடியே இருந்தார்கள்.