மூன்று நாளுக்குப் பெரிய பெட்டி

பஸ்ஸை விட்டு அவள் இறங்கியதுமே அண்ணனின் கண் பெட்டி மேல்தான் போனது.

"மூணு நாள் லீவுக்கு இவ்ளோ பெரிய பெட்டியா? வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்துட்டியா?"

வீட்டுக்குள் நுழைந்தால், சித்தப்பா தன் பங்குக்கு அதையே சொல்லிக் கேலி செய்தார். சித்தி, அவர்களுடைய பெண்கள், அண்ணி எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். பெட்டிக்குள் ஸ்வெட்டர் முதல் படித்த சான்றிதழ் வரை எல்லாம் இருந்தன. அவள் திரும்பிப் போவதாக இல்லை.

மறுநாள் வெங்காயம் உரிக்கும்போதுதான் அம்மா தனியாக அகப்பட்டாள். மகள் கையை உயர்த்தி, ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். பழைய கன்றலின் மேல் புதிய கன்றல்.

"இனிமே அங்க போகமாட்டேம்மா. இங்கேயே இருந்துக்கறேன்."

அம்மா கன்றலைப் பார்த்தாள். பிறகு துணியை இழுத்து மூடிவிட்டாள்.

"வீடு நிறைய ஆளுங்க இருக்காங்கடி. எல்லாரும் போகட்டும், பேசிக்கலாம்."

எங்கே போகிறார்கள்? சித்தப்பா விடைபெற்ற பிறகும் ஒரு டீ கேட்கிற ஜாதி. கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் மெத்தைகள், குளியலறை வாசலில் வரிசை. சாயங்காலம் சித்தப்பா சீட்டுக்கட்டைப் பிரித்துவிட்டு, "மாப்பிள்ளை இல்லாம ஆட்டம் களை கட்டலையே" என்று அலுத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் அவள் புருஷன் தங்கக் கம்பி. அவன் மேனேஜராக இருக்கும் கம்பெனியின் வேன்கள் எல்லாம் அண்ணனின் பட்டறைக்குத்தான் வந்தன. அண்ணனின் கையில் ஒட்டியிருந்த கிரீஸில் பாதி மாப்பிள்ளை தயவு.

ஞாயிறு மத்தியானம் அம்மா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எல்லாக் கடையும் மூடியிருக்கும் அத்தை" என்றாள் அண்ணி.

"ஒண்ணாவது திறந்திருக்கும்."

அவளுக்கு மனசு துள்ளியது. கடை என்பதெல்லாம் சாக்கு, அம்மா தனக்காக யாரிடமோ பேசத்தான் போகிறாள் என்று நினைத்தாள். அம்மா வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தபோது, எதுவும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தாள்.

ஒருவழியாகச் சித்தப்பா குடும்பம் கிளம்பியது. அப்பாடா என்று அவள் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். வாசலில் கார் வந்து நின்றது.

"நான்தான் வரச்சொன்னேன். பஸ்ல இவ்ளோ பெரிய பெட்டியை எப்படித் தூக்கிட்டுப் போவே?" என்றான் அண்ணன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. பெட்டி ஏற்கெனவே கூடத்துக்கு வந்திருந்தது.

"லீவு நல்லாப் போச்சா?" என்று புருஷன் வாயெல்லாம் பல்லாகக் கேட்டான்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். "எல்லாரும் போகட்டும்னு சொன்னியேம்மா."

"பொறுத்துப் போடி" என்று அம்மா அவள் கையில் ஒரு துணிப்பையைத் திணித்தாள். "வழியில சாப்பிடு."

தெருமுனை தாண்டும்வரை அவன் கையாட்டிக்கொண்டே ஓட்டினான். பிறகு கண்ணாடியை ஏற்றினான். அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் பைக்குள் கையை விட்டாள். சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் பஞ்சுச் சுருளும், வீக்கத்துக்குத் தடவுகிற களிம்பும் இருந்தன. வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி அம்மா வாங்கியது இதைத்தான்.

களிம்பு இரண்டு இருந்தது. ஒன்று போதாது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.