ஊதாப் பாசி

மார்லிஸ் சமையலறை ஸ்டூலின் மேல் ஏறி நின்று, பெயிண்ட் சுரண்டும் தகடோடு மீன் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டிருந்தாள். பாறையில் படிந்திருந்த ஊதாப் படலம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. தொட்டிக்கு எதிரே, வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் கணவர் டுவேன் ஒருக்களித்துக் கிடந்தார். வாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது கையின் ஆட்காட்டி விரல் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்டது. இன்றோ நாளையோ என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அந்தத் தொட்டியைப் பற்றிப் பேசாதவர் எங்கள் தெருவில் கிடையாது. கடலே இல்லாத அயோவாவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் பவளம் வளர்த்தால் பேசாமல் என்ன செய்வது? பனிக்காலத்தில் நாங்களெல்லாம் பனி உருக உப்பை வாசல் பாதையில் கொட்டுவோம். அவர் தொட்டிக்காக வாளியில் கரைப்பார். ஓய்வு பெற்றபின் மனைவியிடம் பேசியதைவிடத் தொட்டி நத்தைகளிடம் பேசியதுதான் அதிகம் என்பது எதிர்வீட்டு பெக்கின் கணக்கு. பெக் தன் ஜன்னல் திரையை இழுத்து மூடுவதே இல்லை, அதனால் கணக்கு சரியாகத்தான் இருக்கும். மாலையானால் அவர் தொட்டிக்குள் பார்த்து, பாசி மறுபடியும் வந்துவிட்டது என்பார். மார்லிஸ் "ம்" என்பாள். எந்தப் பாசி என்று அவள் கேட்டதில்லை, அவரும் காட்டியதில்லை. பிறகு டிவியைப் போட்டுக்கொள்வார்கள்.

போகிற மனுஷன் சுத்தமான தொட்டியைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அன்று அவளுக்குத் தோன்றிவிட்டது. குளியலறை ஓடுகளின் இடுக்கில் படியும் ரோஸ் நிற அழுக்கோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவள் அவள். பாசி எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பாறை உச்சியில் பச்சையாக ஆடிக்கொண்டிருந்த புல் கண்ணுக்கு நன்றாக இருந்தது. அதை விட்டுவிட்டாள்.

முதல் சில்லு பெயர்ந்ததுமே டுவேனின் விரல் எழுந்தது. இடமும் வலமுமாக அசைந்தது.

"அந்தப் பக்கமா? இரு கிழவா, வரேன்."

இடப்பக்கம் சுரண்டினாள். விரல் மறுபடி அசைந்தது. வலப்பக்கம் சுரண்டினாள். விரல் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இவ்வளவு விடாமல் எதையும் சொன்னது கிடையாது. தண்ணீர் ஊதாத் தூளாகக் கலங்கியது. கடைசியில் விரல் போர்வைமேல் இறங்கிவிட்டது. தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். தோள் வலிக்க வலிக்க, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உப்பு காய்ந்த கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம், அவள் சூப்பைச் சுடவைக்கப் போயிருந்த நேரத்தில், அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் பன்னும் ஜெல்லோவும் பரிமாறியபோது, வந்தவர்களிடமெல்லாம் மார்லிஸ் இதையே சொன்னாள்: கடைசி நாள் இரண்டு பேருமாகத் தொட்டியைக் கழுவினோம், டுவேன் விரல் காட்டக் காட்ட நான் சுரண்டினேன். பெக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே, அந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச இருந்ததா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

டுவேனின் பவள கிளப்பில் ரஸ் என்று ஒருவன். தொட்டியில் உள்ளதையெல்லாம் வாளிகளில் எடுத்துப்போக அவளோடு வீட்டுக்கு வந்தான். கட்டிலைக் காலையிலேயே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். கம்பளத்தில் நான்கு சக்கரத் தடங்கள் மட்டும் பதிந்திருந்தன. ரஸ் தொட்டிமுன் போய் நின்றவன் வாளியைக் கீழே வைக்கவில்லை. பாறையெல்லாம் எலும்பு மாதிரி வெளுத்திருந்தது.

"யாரு சுரண்டினது?"

"நான்தான். அவர் சொல்லச் சொல்ல."

ரஸ் கையை விட்டு உச்சியிலிருந்த பச்சையில் ஒரு கொத்தைத் திருகிப் பிய்த்தான். அடைத்த சாக்கடையில் மாட்டிய முடி போல அது விரலில் சுற்றிக்கொண்டது.

"இதுதாங்க வேண்டாத பாசி."

"அப்போ அந்த ஊதா?"

"அதுவும் ஒரு பாசிதான். ஆனா அது வர்றதுக்காகத்தான் நாங்க எல்லாம் தவம் கிடக்கிறோம். தொட்டி நல்லா இருந்தாத்தான் அது பிடிக்கும். அதுக்கு வருஷக்கணக்காகும்."

மார்லிஸ் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ கார் கதவைச் சாத்தினார்கள்.

"ரஸ், அப்போ அவர் விரலை ஆட்டினது..."

அவன் கொத்தை வாளியில் போட்டான். கோட்டில் கையைத் துடைத்தான்.

"நான் இங்க இல்லையே, மார்லிஸ்."

"கடைசியா சிரிச்ச மாதிரி ஒரு சத்தம் கேட்டுது."

"அப்போ சிரிச்சிருப்பாரு."

இதைச் சொன்னபோது அவன் கண்ணாடியில் ஊர்ந்த நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தொட்டி இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று மார்லிஸ் சொன்னாள். மோட்டாரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவன் இரண்டுமுறை சொல்லிக்கொடுத்தான். பிறகு காலி வாளிகளோடு போனான். பெக் துக்க வீட்டுச் சாப்பாடாக ஒரு கேசரோலைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள், கூப்பிடவில்லை.

மார்லிஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். தகட்டை எடுக்கவில்லை. வெறும் கையால் பச்சைப் பாசியில் ஒரு கொத்தைப் பிடித்து, வேரோடு வரும்வரை மெல்லத் திருகினாள். வந்ததும், கம்பளத்தில் சக்கரத் தடங்கள் இருந்த பக்கம் திரும்பி, அதைத் தூக்கிக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிக் கறுப்பு உடையை நனைத்தது.