முந்தானையில் காணாமல் போன பூமி

காஞ்சிபுரத்தில் நான் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவன். மயில், மாங்காய், யாளி, எது கேட்டாலும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து தறிக்குக் கொடுப்பேன். அருள் போட்ட டிசைனில் பிசிறே இருக்காது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பேசாவிட்டால் நானே பேச்சை எடுத்துக் கொடுப்பேன்.

எனக்கு நிச்சயமாகியிருந்த தீபிகா பக்கத்து ஊரான தாமல்காரி. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறாள். சாயங்காலமானால் ஏரிக்கரையில் நின்று வானத்தைப் பார்க்கிற ஆள். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு, டிசைனும் நான்தான் என்று அவளிடம் அலட்டிக்கொண்டேன். உடனே போனில் ஒரு படம் அனுப்பினாள். செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிற ஆய்வு வண்டி, அங்கே பொழுது சாய்ந்த பிறகு எடுத்த வானம். அடியில் கறுத்த மேடு, அதற்கு மேல் சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறம், அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள்.

"இதுல ஒரு புள்ளி பூமி. நாம எல்லாரும் அதுலதான் இருக்கோம். இத முந்தானைல போட்டுக் குடுபா, வேற எதுவும் வேணாம்" என்றாள்.

இதற்காக அவள் வீட்டில் பெரிய சண்டை. அவள் அம்மா வடிவாம்பாள் அரக்கு நிறத்தில் மயில் கேட்டிருந்தார். கல்யாணப் பெண் சாம்பல் கட்டுவதா என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மகளும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கடைசியில் அம்மாவுக்குத்தான் முதலில் பசித்தது.

எது பூமி என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே. தலையை ஆட்டிவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

எங்கள் தொழிலில் தனியாக நிற்கிற ஒற்றைப் புள்ளி என்றால் பிசிறு. நெய்த பிறகு இழை தப்பியது போலத் தெரியும்; கடைக்காரர் அதில்தான் விரலை வைப்பார். அதனால் எந்தப் படம் வந்தாலும் முதல் வேலையாக ஒற்றைப் புள்ளிகளைத் துடைத்துவிடுவேன். பல் துலக்குவது போல, யோசித்துச் செய்கிற வேலையில்லை. செவ்வாயின் வானத்தையும் அப்படித்தான் துலக்கினேன். கொத்தாக இருந்தவை மட்டும் தப்பின. அவற்றில் ஆகப் பெரிய கொத்தைப் பூமி என்று முடிவு கட்டினேன். நாம் குடியிருக்கும் இடம் சின்னதாகவா தெரியும்? அதற்கு மட்டும் ஜரிகையைக் கூட்டினேன்.

நெய்தவர் அப்பாதுரை அண்ணன். தறியிலிருந்து இறக்கும்போது முந்தானையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூரான் மாதிரி இருக்குதே, இது இன்னா தம்பி?"

"பூமி அண்ணே."

"சரி சரி" என்றார். அவர் மரியாதை தெரிந்த மனிதர்.

நல்ல நாள் பார்த்து, புடவைக்கு மஞ்சள் வைக்க இரு வீட்டாரும் தாமலில் கூடினோம். புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் எங்கள் பக்கம் கட்டுவார்கள். நான் முந்தானையை விரித்து, செவ்வாயிலிருந்து பூமி எப்படித் தெரியும் என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் பாடம் எடுத்தேன். இயற்பியல் டீச்சர் போனில் இருந்த படத்தையும் புடவையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பூமி இல்லீங்க" என்றாள் மெதுவாக. "விண்வெளிலேர்ந்து வர்ற கதிர் கேமரால பட்டா இப்படி வெள்ளையா கொத்து விழும். நீங்க ஜரிகை போட்டிருக்கிறது எல்லாமே அதுதான்."

"அப்போ பூமி?"

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மேட்டுக்குக் கொஞ்சம் மேலே, துணையில்லாமல், ஓர் ஒற்றைப் புள்ளி.

கேமராவின் கோளாறுக்கெல்லாம் ஜரிகை கொடுத்துவிட்டு, அப்பாதுரை அண்ணனையும் அவர் தறியையும், தாமல் ஏரியையும், இரண்டு சம்பந்தி வீடுகளையும், என்னையும் சேர்த்து, பிசிறு என்று துடைத்துப் போட்டிருந்தேன்.

"மயில் போட்டிருந்தா மயிலாச்சும் இருந்திருக்கும்" என்றார் வடிவாம்பாள்.

தீபிகாவின் கண் கலங்கியிருந்தது. அம்மாவோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவளை, அதே அம்மாவின் முன்னால் நான் தோற்க வைத்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு புடவை நெய்யச் சொல்கிறேன் என்றேன். முகூர்த்தத்துக்குள் எந்தத் தறியிலும் அது நடக்காது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மா கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தை வாங்கினாள். ஓரத்தைத் தொடவில்லை. போனைப் பக்கத்தில் வைத்து, இடம் பார்த்து, மேட்டுக்கு மேலே விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தாள்.

வடிவாம்பாள் குனிந்து பார்த்தார். "இம்மாந்தூண்டா நாம?" என்றார். அவர் குரலில் இருந்த கோபம் பாதி இறங்கியிருந்தது.

நானும் பார்த்தேன். புத்தம்புதுப் பட்டில், தனியாக, ஒற்றைப் புள்ளி. என் கை தானாகவே கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அதை நோக்கிப் போனது.

தீபிகா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடுங்க" என்றாள். "நம்ம கல்யாணம் அங்கதான் நடக்கப்போவுது."